விளக்கு நலம், நாய் நலம்

கார்வர் தீவு கலங்கரை விளக்கம்
1997 அக்டோபர் 9

அன்புள்ள ரக்னா,

நீ நலமாக இருக்க வேண்டும். வின்னிபெக்கில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ. இங்கே விளக்கு நலம். கடல் நலம். ஸ்கிப்பும் நலம். நேற்று ஒரு கடல்நாயைப் பார்த்துக் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிக்கொண்டான், மற்றபடி குறையில்லை.

நீ அனுப்பிய பழுப்புச் சீஸ் ஹெலிகாப்டரில் தபாலோடு வந்தது. க்ளெம் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, உன் தங்கச்சி சோப்புக்கட்டி அனுப்பிருக்கா?" என்றார். அவர் இந்த விளக்கின் தலைமைக் காவலர், நான் உதவிக் காவலன், அதனால் சிரித்து வைத்தேன். பாதியை அவர் மனைவி டோரீனிடம் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் எனக்கு ஒரு துண்டுக்கு மேல் இறங்குவதில்லை. நாற்பத்தெட்டு வயதாகிறதே.

இந்த மாதம் பிறந்ததிலிருந்து மூடுபனி விலகவே இல்லை. பனிச்சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நாளில் அது காதில் விழுவது நின்றுவிடும். அது ஓய்ந்தால்தான் திடுக்கிட்டு விழிப்போம். கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து பார்த்தால் விளக்கின் ஒளி வெளியே கொஞ்ச தூரம் போய், எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிடுகிறது. இந்த ஈரத்தில் துணி காய்வதே பெரும்பாடு. தினமும் காலையில் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போடுகிறேன். டோரீன் அதைப் பார்த்துவிட்டு, "அரண்மனை வீட்டுச் சலவை நடக்குது" என்கிறாள். விறகுப் புகையில் கொஞ்சம் இருமலும் உண்டு. அடுப்பு பழசு.

க்ளெம் கேட்டார், "உன் தங்கச்சிக்கு என்னதான் வேலை?" "சூப் காய்ச்சுறா" என்றேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். நீ விவரமாக எழுது. ரேடியோ தொலைபேசியில் மட்டும் சொல்லாதே. போன வருஷம் உன் வீட்டுக்காரர் பெர்னியை விட்டுப் பிரிந்ததை அதில் சொன்னாயே, மறுநாளே மீன் கொடுக்க வந்த படகுக்காரர், "உங்க தங்கச்சி எடுத்தது நல்ல முடிவுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இந்தக் கரையில் வேறு பொழுதுபோக்கு இல்லை, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சொந்த விஷயம் காகிதத்தில்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஈவர்

வின்னிபெக்
1997 நவம்பர் 2

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இங்கே செல்கள் நலம், கார் நலம். கார் ராத்திரி உறைந்து போகாமல் இருக்க மின்கம்பி மாட்டும் காலம் வந்துவிட்டது. சாயங்காலம் தெருவில் நடந்தால் எல்லாக் கார்களும் சுவரோடு கட்டிப்போட்ட மாடுகளைப் போல நிற்கின்றன.

நான் காய்ச்சுவது சூப்தான், நீ தவறாகச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாங்களும் அதைச் சூப் என்றுதான் சொல்கிறோம். செல்கள் உயிரோடிருக்க வேண்டிய உப்பு, சர்க்கரை, அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் இருக்கும். அமினோ அமிலம் என்றால் உடம்பைக் கட்டும் செங்கல் என்று வைத்துக்கொள். சில செங்கற்களை உடம்பே சுட்டுக்கொள்ளும். சிலவற்றை அதனால் முடியாது, சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. டிரிப்டோபான் அப்படி ஒன்று. மீனில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது, நீ டோரீனுக்குத் தாரை வார்த்த சீஸிலும் இருக்கிறது.

கிருமி உள்ளே நுழைந்தால் விழுங்கும் செல்கள் அதை விழுங்கிவிடும். சில கிருமிகள் அந்தச் செல்லின் வயிற்றுக்குள் போயும் சாகாமல் அங்கேயே குடித்தனம் நடத்தும். அப்போது அந்த விழுங்கும் செல் ஒரு காரியம் செய்கிறது, அண்ணா. தன்னிடமும் தன்னைச் சுற்றியும் இருக்கிற டிரிப்டோபானையெல்லாம் அழித்துவிடுகிறது. தன் வீட்டுப் பண்டகசாலைக்குத் தானே தீ வைக்கிறது. நீயும் நானும் பட்டினி, பார்க்கலாம் யார் தாங்குகிறோம் என்கிற மாதிரி. பல கிருமிகள் அந்தப் பட்டினியில் ஒடுங்கிப் போகின்றன.

ஆனால் உதவிக்கு வருகிற படை இருக்கிறதே, டி செல்கள், அவற்றுக்கும் அதே டிரிப்டோபான் வேண்டும். வந்து பார்த்தால் அடுப்பில் பூனை. பெருகிக்கொண்டிருந்தவை அப்படியே நின்றுவிடுகின்றன. இது உடம்பு செய்யும் தப்பா, அல்லது சண்டை அளவுக்கு மீறி வீட்டையே இடித்துவிடக் கூடாதென்று பிடிக்கும் கடிவாளமா என்பதுதான் எங்கள் டாக்டர் பெட்ரிஷின் கேட்கும் கேள்வி. பதிலுக்காக நான் நாள் முழுக்க டிரிப்டோபான் இல்லாத சூப் காய்ச்சுகிறேன்.

நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இளஞ்சிவப்புத் தண்ணீரில் உருண்டை உருண்டையாக, அசையாமல். அந்த அறையில் விளக்கை அணைத்துவிடுவோம். சில நேரம் நான் பார்க்கிறேனா கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை.

இருமலுக்குத் தேன் குடி. அடுப்பைச் சரி செய்.

ரக்னா

கார்வர் தீவு
1997 நவம்பர் 28

அன்புள்ள ரக்னா,

நீயும் உன் செல்களும் நலமா? இங்கே விளக்கு நலம். சங்குக்குப் புது வால்வு போட்டார்கள், அதுவும் நலம். ஸ்கிப் கொழுத்துக்கொண்டே போகிறான். மீனையும் முட்டையையும் இப்போது அவனுக்கே கொடுத்துவிடுகிறேன். நான் ரொட்டியும் டீயுமாகச் சிக்கனமாக வாழ்கிறேன். இடுப்பு வாரில் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன், பார்க்க எடுப்பாக இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பண்டகசாலைக்குத் தீ வைக்கிற செல் எனக்கு மிகவும் பிடித்துப் போனது. அன்று ஒரு கனவு. இந்தத் தீவின் எண்ணெய்க் கிடங்கு எரிகிறது, ஆனால் சூடே இல்லை. பனிக்குள் ஆரஞ்சு வெளிச்சம் மட்டும். கரையில் யாரோ வரிசையாக நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்று கையாட்டுகிறேன். முகம் தெரியவில்லை. ஒருவர் மட்டும் அம்மாவின் நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

காலை வானிலை அறிக்கையை இப்போது க்ளெம்தான் ரேடியோவில் வாசிக்கிறார். என் குரல் கரகரக்கிறதாம். கரையில் பெல்லா பெல்லா ஊரில் ஒருத்தர், "தவளையை வேலைக்கு வச்சிட்டீங்களா?" என்று கேட்டாராம். டோரீன் தினமும் சாயங்காலம் டீக்குக் கூப்பிடுகிறாள். நான் போவதில்லை. தனியாக இருப்பது பழகிவிட்டது.

ஒரு சந்தேகம். எல்லாக் கிருமியும் அந்தப் பட்டினிக்கு அடங்குமா? அடங்காத கிருமி உண்டா? சும்மா கேட்கிறேன். நீண்ட நாள் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்து பிறகு எழுந்துகொள்வது மாதிரி ஏதாவது?

பனியில் வழுக்கி விழாதே.

ஈவர்

வின்னிபெக்
1997 டிசம்பர் 14

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு இது வந்து சேர வேண்டும். கூடவே சீஸ். இந்த முறை தானம் செய்யாமல் நீயே சாப்பிடு. இங்கே எல்லாம் நலம். செல்கள் நலம், கூட வேலை செய்யும் ஜீல் நலம். அவன் செயின்ட் போனிஃபேஸ் பிரெஞ்சுக்காரன், இறைச்சி அடை கொண்டுவந்து நுண்ணோக்கிப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டு டாக்டர் பெட்ரிஷினிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.

நல்ல கேள்வி கேட்டாய், படிக்காமல் விட்டுவிட்டாயே என்று வருத்தமாக இருக்கிறது. அடங்காத கிருமி உண்டு. அப்பாவைக் கொண்டுபோன காசநோய்க் கிருமியே அப்படித்தான். அது டிரிப்டோபானைத் தானே செய்துகொள்ளும். நாம் பண்டகசாலையைக் கொளுத்தினால் அதற்கென்ன, அதன் சமையல் தனி. பட்டினி கிடப்பது நம்முடைய ஆட்கள்தான். தூங்குவதிலும் அது கெட்டிக்காரக் கிருமி. சின்ன வயதில் நுழைந்துவிட்டு நாற்பது வருஷம் நுரையீரலில் ஒரு மூலையில் சும்மா கிடக்கும்.

இங்கே ஒரு விசித்திரம். பட்டினி போட்ட டி செல்கள் இருந்த தட்டுகளை ஜீல் குப்பையில் போடப் போனான். "செத்ததுங்களுக்கு எதுக்கு வாடகை?" என்றான். நான் ஒரு தட்டைப் பிடுங்கிச் சாயம் ஊற்றிப் பார்த்தேன். செத்த செல் நீலமாகும். ஒன்றுகூட நீலமாகவில்லை. அத்தனையும் உயிரோடு, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கின்றன. அன்றைக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தூங்குகிற ஊரில் நான் மட்டும் விழித்திருக்கிறேன் என்று தோன்றியது.

இனி சாப்பாடு கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். க்ளெமுக்கும் டோரீனுக்கும் சொல்.

ரக்னா

கார்வர் தீவு
1998 ஜனவரி 11

அன்புள்ள ரக்னா,

உனக்குப் புத்தாண்டு வாழ்த்து. நீ நலமாக இருப்பாய். விளக்கு நலம். ஸ்கிப் நலம்.

அலை பெரிதாக இருக்கிறது. படகுத்துறை ஏணியில் பாதி போய்விட்டது. சீஸுக்கு நன்றி. கிருமியின் சமையல் தனி என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

நிறைய எழுத முடியவில்லை. பகலிலும் தூக்கம் தூக்கமாக வருகிறது.

ஈவர்

வின்னிபெக்
1998 ஜனவரி 30

அண்ணா,

விளக்கு நலம், ஸ்கிப் நலம். நீ?

உன் சின்னக் கடிதம் இன்று வந்தது. பேருந்தில் வைத்துப் படித்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட 'நான் நலம்' என்று நீ எழுதவில்லை. கடல் நலம், வால்வு நலம், நாய் நலம். நீ பொய் சொல்லத் தெரியாதவன். அதனால் சுற்றி இருப்பதையெல்லாம் விசாரித்துவிட்டு உன்னை மட்டும் விட்டுவிட்டாய்.

எனக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். அப்பா காசநோய் சானடோரியத்தில் இருந்து இப்படித்தான் எழுதுவார். அம்மா சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டுவாள். ஏரி நலம், புல்வெளி நலம், பக்கத்துக் கட்டில் ஓல்சன் நலம். நான் மிகச் சின்னவள், நீதான் ஒருநாள் கேட்டாய், "அப்பா எப்படியிருக்காராம்?" என்று. அம்மா, "ஏரி நல்லாருக்காம், சாப்பிடு" என்றாள். அந்த வசந்தத்தில் சவப்பெட்டி வந்தது.

ராத்திரி வியர்வையில் தினமும் நனைகிற படுக்கை விரிப்பு. வாரில் ஓட்டை. தவளைக் குரல். இருமல் அடுப்பினால் அல்ல. நாள் முழுக்க ஒரு செல் அசைகிறதா என்று உற்றுப் பார்க்கிறவள் நான், சொந்த அண்ணனின் கடிதத்தைக் கதை படிப்பதுபோலப் படித்திருக்கிறேன்.

அடுத்த ஹெலிகாப்டரில் ஏறிவிடு. இது அப்பா காலமில்லை. வருஷக்கணக்கில் பூட்டி வைக்க மாட்டார்கள். ஆறு மாதம் மாத்திரை. தனி அறை கொஞ்ச நாளைக்குத்தான்.

பதில் எழுது. ஒரே ஒரு வரி போதும்.

ரக்னா

வின்னிபெக்
1998 பிப்ரவரி 20

அண்ணா,

பதில் இல்லை. வானிலை மோசம், ஹெலிகாப்டர் போகவில்லை என்கிறார்கள். என் கடிதம் பிரின்ஸ் ரூபர்ட்டில் ஏதோ ஒரு தபால் பையில் கிடக்கலாம். இதுவும் அதன்மேல் போய் விழும். இருந்தாலும் எழுதுகிறேன், சும்மா இருக்க முடியவில்லை.

கடலோரக் காவல்படையிடம் சொன்னால் வந்து தூக்கிப்போவார்கள். ஆனால் அப்பாவையும் தூக்கித்தான் போனார்கள். நீயே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதே நேரம் டோரீனும் க்ளெமும் உன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். அதிக நாள் ஆசைப்பட்டுக்கொண்டிருக்க எனக்கு உரிமை இல்லை.

தூங்கும் செல்களுக்குச் சாப்பாடு கொடுக்கப் போகிறேன் என்றேனே. கொடுத்தேன். டிரிப்டோபான் உள்ள நல்ல சூப். எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. டாக்டர் பெட்ரிஷின் பார்த்துவிட்டு, "ரக்னா, இதுங்களுக்கு முடிஞ்சு போச்சும்மா" என்றார். நான் ஆய்வுக்கூடச் சோபாவில் படுத்து அழுதேன், செல்களுக்காக என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஜீல் ஒரு தப்பு செய்தான். எந்த டி செல்லும் தானாகப் பெருகாது. முதலில் ஒரு மருந்தைச் சொட்டி, கிருமி வந்திருக்கிறது எழுந்திரு என்று அதைத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு தடவைதான் தட்டுவோம். நான் என் பழைய தட்டுகளில் பச்சை டேப் ஒட்டியிருந்தேன். அவனுக்குப் பச்சை என்றால் புதுத் தட்டு. தட்டில் செல்கள் கிடக்கும் சின்னக் குழிகளில் பாதியில் மருந்தைச் சொட்டிவிட்டான். தலையில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டாந்தடவை தட்டிட்டேன், என்னைக் கொன்னுடு" என்றான். நான் கொல்லவில்லை, அசதியில் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தக் குழிகளில் மட்டும் எழுந்துவிட்டன, அண்ணா. கொத்துக் கொத்தாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெருகிக்கொண்டிருந்தன. பக்கத்துக் குழியில் அதே சாப்பாடு இருந்தும் தூக்கம். சாப்பாட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனால் போதாது போலிருக்கிறது. யாராவது மறுபடி கூப்பிட வேண்டும். முதல் தடவை கூப்பிட்டது செல்லாது.

நீ தூக்கமாக வருகிறது என்று எழுதியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரக்னா

கார்வர் தீவு
1998 பிப்ரவரி 24

அன்புள்ள ரக்னா,

உன் ஜனவரிக் கடிதம் இப்போதுதான் வந்தது. கண்டுபிடித்துவிட்டாய். நீ நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

ஆமாம். செப்டம்பரிலிருந்து எனக்குத் தெரியும். அப்பா இருமும் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. அதே சத்தம் என் மார்பிலிருந்து வந்தது. போன வாரம் கைக்குட்டையில் ரத்தம்.

ஒன்றைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உன் பண்டகசாலைக் கடிதம் வந்த அன்று, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிருமியைப் பட்டினி போட மீனை விட்டேன், முட்டையை விட்டேன், சீஸை விட்டேன். யாரிடமும் சொல்லாமல் நானே அதை முடித்துவிடலாம், யாரும் என்னைத் தூக்கிப்போக வேண்டாம் என்று. பிறகு கிறிஸ்துமஸ் கடிதத்தில் நீ, அதன் சமையல் தனி என்றாய். அதற்குள் எனக்குப் பசியே போய்விட்டிருந்தது. இப்போது டோரீன் வாசலில் வைத்துவிட்டுப் போகும் சூப்பைப் பார்க்கிறேன். எனக்கென்று மூடியைத் திறப்பதில்லை. அவளை வீட்டுக்குள் விடுவதில்லை, அதனால் அவர்களுக்கு ஆபத்தில்லை.

இங்கே இருப்பது கஷ்டமாக இல்லை. நாளும் பொழுதும் கலந்துபோய்விட்டன. ஒளி சுற்றி வருகிறது, சுவரில் படுகிறது, போகிறது. அப்பா அந்தக் கட்டிலில் ஏரியைப் பார்த்துக்கொண்டு இப்படித்தான் கிடந்திருப்பார் என்று நினைக்கிறேன். பயமாக இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

இதை ரேடியோவில் மட்டும் சொல்லிவிடாதே. ஊர் முழுக்கக் கேட்கும். உனக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

விளக்கு நலம்.

ஈவர்

வின்னிபெக்
1998 மார்ச் 8

அண்ணா,

நேற்று நீ என்மேல் கோபமாக இருந்திருப்பாய். இன்றும் இருப்பாய். இருந்துகொள்.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. நின்றபடியே படித்தேன். நான் அழகுக்காக எழுதிய ஒரு வரியை நீ மருந்தாகச் சாப்பிட்டிருக்கிறாய். செல்லைப் பற்றி எழுதினேனே தவிர, செல்லைச் சுமக்கிற ஆளைப் பற்றி யோசிக்கவில்லை. அதற்காக அழ நேரமில்லாமல் தொலைபேசியை எடுத்தேன்.

நீ சங்கடத்தில் சரியாகக் கேட்டிருக்க மாட்டாய், அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். பிரின்ஸ் ரூபர்ட் ஆப்பரேட்டர், "இது ஓப்பன் லைன், மேடம், எல்லாருக்கும் கேக்கும், தெரியுமில்ல?" என்றாள். "தெரியும். அதுக்குத்தான்" என்றேன். க்ளெம் எடுத்தார். பிறகு உன்னைக் கூட்டி வந்தார். மூச்சு வாங்கியது உனக்கு.

"அங்க வானிலை எப்படி, ரக்னா?" என்றாய்.

"வானிலை கெடக்கு. நீ எப்படி இருக்கே?"

"விளக்கு வந்து…"

"விளக்கைக் கேக்கல."

ரேடியோவில் இரைச்சல் மட்டும். அத்தனை படகும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது எனக்குத் தெரிந்தது. நான் சொன்னேன், "அண்ணா, உனக்கு அப்பாவோட நோய் வந்திருக்கு. காசநோய். ரத்தம் வருதுன்னு நீதான் எழுதினே. நீ பட்டினி போடுறது அதை இல்ல, உன்னை. என்னை. டோரீன் வாசல்ல வச்ச சூப்பைத் திற. சாப்பிட்டுட்டு ஹெலிகாப்டர்ல ஏறு. ஏரி நல்லாருக்குன்னு கேட்டுட்டு அம்மா சும்மா இருந்தா. நான் சும்மா இருக்க மாட்டேன்."

யாரோ ஒரு படகுக்காரர், "கார்வர் தீவுக்காரரே, உங்க தங்கச்சி காத்துட்டிருக்காங்க, பதில் சொல்லுங்க" என்றார். பிறகு பெல்லா பெல்லாப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "எங்க வீட்லயும் ரெண்டு பேருக்கு வந்துச்சுங்க. மாத்திரை சாப்பிட்டாங்க. இப்ப ரெண்டும் கொழுத்துப் போய்த் திரியுதுங்க" என்றாள். பின்னால் டோரீன், "மாசக்கணக்கா என் சூப்பை யாருக்குடா ஊத்தினே?" என்று கத்தியது எனக்கே கேட்டது.

கடைசியில் நீ சொன்னாய். "ஸ்கிப்புக்கு." அப்புறம், "சரி. வரேன்" என்றாய்.

வான்கூவர் விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அங்கே உன்னைச் சேர்க்கும் மருத்துவமனை முகவரிக்குப் போடுகிறேன். முகமூடி போட்டுக்கொண்டு உன் எதிரில் உட்காரப் போகிறேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடு.

ரக்னா

வான்கூவர்
1998 ஏப்ரல் 2

அன்புள்ள ரக்னா,

நான் நலமாக இல்லை.

எழுதிவிட்டேன். நீ ஊருக்குத் திரும்பிய மறுநாளே எழுத உட்கார்ந்து இந்த முதல் வரியிலேயே இத்தனை நாள் நின்றேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்ன, பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நெஞ்சு வலிக்கிறது. மாத்திரை குமட்டுகிறது, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ஆனால் படுக்கை விரிப்பு இப்போது நனைவதில்லை. நீ கொண்டுவந்த சீஸை முழுவதும் நானே சாப்பிட்டேன். பசி வருகிறது. காலையில் தட்டுக் கொண்டுவரும் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

டோரீனுக்கும் கிருமி போயிருக்கிறது. நோயில்லை, தூங்குகிறதாம், அது எழாமல் இருக்க அவளும் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். நான் ஒதுங்கி இருந்தது யாரையும் காப்பாற்றவில்லை. அவள் எழுதியிருந்தாள்: "என் சூப்பை வேண்டாம்னுட்டே, உன் கிருமியை மட்டும் எனக்குக் குடுத்துட்டே, நல்ல நியாயம்டா." கூடவே ஒரு ரொட்டி அனுப்பியிருந்தாள். அதைத் தின்னும்போது அழுதேன்.

இங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் நிறுத்தம் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், ரேடியோவில் நீ கூப்பிட்டபோது உன் குரல் அம்மா மாதிரி இருந்தது. அம்மா அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அது எப்படி என்று புரியவில்லை.

ஈவர்

ஹாகன்ஸ்போர்க்
1998 அக்டோபர் 9

அன்புள்ள ரக்னா,

மாத்திரை முடிந்துவிட்டது. கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை. மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இதோ தழும்பு, அது இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பெரியப்பா மகன் வீட்டில் இருக்கிறேன். ஆற்றில் சால்மன் ஏறுகிறது. தினமும் மீன், நானே சுத்தம் செய்து, நானே சாப்பிடுகிறேன். வாரில் பழைய ஓட்டைக்கே வந்துவிட்டேன்.

விளக்கு எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஸ்கிப் டோரீனோடு இருக்கிறான், அவனைப் பற்றி அவளைத்தான் கேட்க வேண்டும். கடலைப் பார்த்துப் பல மாதமாகிறது.

நான் நலம்.

உன் கடிதங்களை எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். நேற்று அடுப்பருகில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். செல்கள் நலம், கார் நலம், ஜீல் நலம். பெர்னியை விட்டுப் பிரிந்தபிறகு நீ எழுதிய ஒரு கடிதத்திலும் உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. சோபாவில் படுத்து அழுதது மட்டும் ஒரு வரி, அதுவும் செல்களுக்குள் ஒளித்து.

இந்த வீட்டில் இப்போது நல்ல ரேடியோ ஒன்று இருக்கிறது. நீ பதில் போடாவிட்டால் கூப்பிடுவேன், கரை முழுக்கக் கேட்கும்.

நீ எப்படி இருக்கிறாய்? செல்களைக் கேட்கவில்லை.

உன் அண்ணன்
ஈவர்